உங்களுக்குத் தெரியுமா? வேளாங்கண்ணியிலிருந்து கடலடிக்கு

● நெல்லுக்கு மட்டுமல்ல, முக்குளிப்புக்கும் பட்டம் உண்டு. ஸ்கூபா விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தீவைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மாதத்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானையும் லட்சத்தீவையும் புரட்டியெடுக்கும். அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைப் பக்கம், கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். ஆகவே சம்பா அறுத்து, நெல்லைப் போட்டு, கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனி அந்தமானுக்கு ஏற்றது. வேளாங்கண்ணியில் லாட்ஜும் கடையும் வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை மூச்சுவிட நேரமிருக்காது. அவர்கள் திருவிழாவுக்கு முன்பே, ஆடியிலேயே திருகோணமலைக்குப் போய் வந்துவிடலாம்.

● கடல் வாசலிலேயே இருக்கும்போது தீவுக்கு ஏன் போக வேண்டும்? பலரும் கேட்கிற கேள்வி. வெள்ளையாறு வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில்தான் கடலில் கலக்கிறது. காவிரியின் கிளைகள் அத்தனையும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற கரை இது. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிதான் வெயிலை வாங்கி அதற்கு உணவு சமைத்துத் தருகிறது. கலங்கல் நீரில் வெயில் இறங்காது, பவளமும் வளராது. நமக்குச் சோறு போடும் அதே வண்டல் பவளத்துக்கு ஆகாது.

● கலங்கல் கடல் என்பதால் நம் கரையில் யாரும் மூழ்கிப் பார்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் பூம்புகாருக்கு எதிரே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். மனிதர் கட்டியதா, இயற்கையாய் அமைந்ததா என்ற விவாதம் அன்று தொடங்கியது.

● நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி புறப்பட்டது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரப் பயணம். வேளாங்கண்ணியில் காலைக் காப்பி குடித்தவர் மாலைக் காப்பியை யாழ்ப்பாணத்தில் குடிக்கலாம். அங்கிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலைக்கு பஸ். பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். மழைக்காலத்தில் கப்பல் நின்றுவிடும், அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நம் மீனவர்கள் சொல்லும் வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்ற காற்றுப் பெயர்கள் அக்கரையிலும் புழங்குகின்றன. படகுக்காரரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே காற்றைப் பற்றிப் பேசலாம்.

● திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கரையிலிருந்து சிறு படகில் சில நிமிடம்தான். ஆனால் முக்குளிக்கும் தமிழருக்கு அதைவிட நெஞ்சைத் தொடும் இடம் சுவாமி மலைப் பாறையின் அடிவாரம். மேலே திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இடித்தார்கள், கற்கள் கடலில் விழுந்தன. 1950-களில் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். அந்தக் கிளார்க், விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற அதே எழுத்தாளர்தான். 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தவர். விண்வெளியில் எடையற்று மிதக்கும் அனுபவத்தைப் பூமியில் தரக்கூடியது கடலடிதான் என்பதால் அவருக்கு முக்குளிப்பின் மேல் அத்தனை பற்று.

● மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 50 மீட்டருக்கும் கீழே இருப்பதால் தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அங்கே இறங்க முடியும். முதல் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம்.

● முதுகில் கட்டும் சிலிண்டரை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்கிறோம். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று. அந்தக் காற்றின் எடை மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ! எவ்வளவு நேரம் வரும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு காற்று செலவாகும். பதறினால் இன்னும் வேகமாய்த் தீரும். பயிற்சியாளர் முதல் பாடமாகச் சொல்வது ஒன்றே: மூச்சை அடக்காதே. மேலே வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், அடக்கினால் நுரையீரல் கிழியும்.

● காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய விடுமுறை இங்கேதான் கெடுகிறது. கோயில் குளத்தில் காசு தேடி மூழ்கிய சிறுவர்களுக்கு அந்த வலி தெரியும். நான் முதன்முறை இறங்கியபோது மூன்றாவது மீட்டரிலேயே யாரோ காதுக்குள் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. பயிற்சியாளர் என் முகத்துக்கு நேரே வந்து, தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை லேசாக உப்பிக் காட்டினார். நானும் மாஸ்க்குக்கு மேலாகவே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினேன். காதுக்குள் 'டக்' என்றது, வலி போன இடம் தெரியவில்லை. வலி வந்த பிறகு செய்வதல்ல இது, வரும் முன்பே ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டியது. சளி பிடித்திருந்தால் மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்திருக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. பணம் கட்டியாயிற்றே என்று அன்று இறங்காதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

● நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் கைப்பிடியில் ஒருமுறை கடலடியைப் பார்த்து வரலாம். ஆனால் தொடக்கநிலைச் சான்றிதழ் வாங்க 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 10. பெரியவர்களுக்கும் அந்தச் சான்றிதழில் 18 மீட்டர்தான் எல்லை. வாய்க்காலில் நீந்திப் பழகிய டெல்டாப் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமில்லை. பழகுவதற்கு வேளாங்கண்ணிக் கடலில் மட்டும் இறங்க வேண்டாம், அலை காலை வாரி இழுக்கும். தீவுக்குச் செலவு செய்யும் முன் புதுச்சேரியில் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடலாம். அங்கே பல ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கிறது.

● கடைசி நாளில் முக்குளிக்காதீர்கள்! ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். தொடர்ந்து சில நாள் மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். மலையும் விமானத்தைப் போலத்தான். திருகோணமலையில் காலையில் மூழ்கிவிட்டு மாலையே நுவரெலியா ஏறுவது ஆபத்து. கப்பலில் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் இரண்டரை நாள் ஆகும், நேரமிருப்பவர்கள் யோசிக்கலாம்.

● 1943-இல் ஃபிரான்ஸின் கூஸ்டோவும் கன்யானும் நவீன மூச்சுக்கருவியை உருவாக்கும் முன்பே, மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் எந்தக் கருவியும் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் பை. கல் கீழே இழுத்துச் செல்லும். ஒரு நிமிடத்துக்குள் முத்துச் சிப்பியைப் பைக்குள் வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் தூக்கிவிடுவார். சுறா அண்டாமல் மந்திரம் போட்டுக் கடலைக் 'கட்டும்' ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் வந்து சொல்லாமல் ஒருவரும் இறங்க மாட்டார்களாம். அந்த மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை மார்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இன்று ஸ்கூபாவில் தனியாக யாரும் இறங்குவதில்லை, எப்போதும் ஒரு துணை உண்டு. நம் ஆட்களுக்கு அந்தத் துணை தோணியில் கயிறு பிடித்தவர்.

● ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. முக்குளிப்பு நடப்பது அந்தமான் பக்கத்தில். டிக்கெட் எடுக்கும்போது பெயர்க் குழப்பம் வரலாம்: ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீவாகவும், போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரமாகவும் மாறின. அந்தமான் தீவுகளுக்கு நமக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, லட்சத்தீவுக்குக் கட்டாயம் வேண்டும்.

● கோயில் வீதிக் கடைகளில் சிப்பி மாலையும் சங்கும் வாங்கிப் பழகிய கை, தீவின் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டையும் எடுக்கத் துடிக்கும். எடுக்காதீர்கள். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் பிடிபடும். நீருக்கடியிலும் தொட வேண்டாம். விரல் நீளம் வளரவே பல பவளங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

● கடலுக்குள் முதலில் மறையும் நிறம் சிவப்பு. பத்து மீட்டருக்குள் சிவப்பு மீன் பழுப்பாய்த் தெரியும். ஒரு டார்ச்சை அடியுங்கள், நிறம் திரும்பி வந்துவிடும்.

● அந்தமானின் மாநில விலங்கு ஆவுளியா என்னும் கடல்பசு. அங்கே போய் அதைத் தேடி மூழ்குகிறவர்கள் உண்டு, அகப்படுவது அபூர்வம். அதே ஆவுளியா நம் அதிராம்பட்டினம் கடலிலும் புல் மேய்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. வலையில் தப்பித்தவறிச் சிக்கினால் வலையை அறுத்து அதை விட்டுவிடும் மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள்.