ஐந்து முறை சரியாக வந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் ஆட்களுக்கு 4294967296 நல்லா பழகின எண். 32 இரண்டுகளைப் பெருக்கினால் வருவது. அதோடு 1 கூட்டினால் 4294967297. இந்த எண் ஒரு பெரிய கணித மேதையையே ஏமாற்றியிருக்கிறது.

3, 5, 17, 257, 65537. இவை 2-ன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டியவை. ஐந்துமே பகா எண்கள். இப்படியே அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். அடுத்தது 32ஆம் அடுக்கு, அதாவது நம்ம எண்.

1732-ல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

இத்தனை பெரிய எண்ணில் காரணியை எங்கே தேடுவது? இதன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இதையும் ஆய்லர் பின்னாளில் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. அஞ்சே வகுத்தல், வேலை முடிஞ்சது! பேப்பரில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

அஞ்சு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனால் புரோகிராம் சரி என்று நானும் நம்பியிருக்கிறேன். ஐந்து உதாரணம் நிரூபணம் ஆகாது.