நூலும் அவையும்

ஒரு நூலை எழுதி முடித்த அளவில் ஆசிரியரின் கடமை நிறைவுறுவதில்லை. கற்றோர் அவையில் அதனைப் படித்துக் காட்டி, அவர்தம் வினாக்களுக்கு விடையிறுத்தல் பண்டை மரபு. இதனை அரங்கேற்றம் என்பர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, அரங்கேறியது எனப் பனம்பாரனார் இயற்றிய பாயிரம் கூறுகிறது.

இன்று மன்னர் அவைகள் இல்லை. அப்பணியின் ஒரு பகுதியைப் புத்தகக் கடைகள் ஏற்றுள்ளன. சென்னைக் கே.கே. நகரில் உள்ள டிஸ்கவரி புக் பேலஸ் அத்தகையது. அங்கே நூல் வெளியீடுகளும் திறனாய்வுக் கூட்டங்களும் நடைபெறுவதுண்டு. போரூர், பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களில் வாழ்வோர் மாலையில் வந்து செல்லத்தக்க தொலைவில் அஃது அமைந்துள்ளது.

பாண்டியன் அவையில் வினவும் உரிமை புலவர்க்கே இருந்தது. இக்கூட்டங்களிலோ தொழிலாளரும் மாணவரும் எழுந்து, “இதனை ஏன் இவ்வாறு எழுதினீர்கள்?” என ஆசிரியரையே கேட்கலாம். தம் நூல் எங்கே விளங்கவில்லை என்பதை ஆசிரியரும் அங்கேதான் அறிகிறார்.

எனினும், கடை வாழ்வது நூல் விற்பனையால் ஆகும். வந்தோர் அனைவரும் பேச்சை மட்டும் கேட்டு, நூலை வாங்காது திரும்பின் கடை நிலைக்காது. கடை நிலைக்காவிடில் அவையும் இல்லை.

திருவள்ளுவர் கல்வியை 40ஆம் அதிகாரத்திலும் கேள்வியை 42ஆம் அதிகாரத்திலும் வைத்தார். மாணவர்களே! நீங்களும் முதலில் நூலைக் கற்று, பின்னர் அவைக்குச் செல்லுங்கள். கற்றவன் கேட்கும் ஒரு வினா, அவையிலுள்ள அனைவர்க்கும் பயன் தரும்.