அயலூர் மாணவரின் ஞாயிற்றுக்கிழமை

நான் ஒரு தீவிலே பிறந்தவன். தீவு என்றதும் கடலை நினைக்க வேண்டா. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓடும் திருவரங்கமே என் ஊர். முதுகலை படிக்க மைசூருக்கு வந்தபோது, இங்கும் அருகில் ஒரு தீவு இருப்பது கண்டு வியந்தேன். சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் அதே காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது, நடுவே சீரங்கப்பட்டணம். அதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், எங்கள் ஊரை அந்தியரங்கம் என்றும் சொல்வது வழக்கம். ஒரே ஆறு, ஒரே பெயர். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அயலூர் நம் ஊராகி விடுமா? ஆகாது என்பதை என் முதல் ஆறு மாதங்கள் எனக்குக் கற்பித்தன.

வந்த புதிதில் என் ஓய்வு நேரம் கழிந்த வகையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும், இவ்வாண்டு புதிதாக வந்துள்ள தம்பி தங்கையருக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவு வரை கைப்பேசியில் தமிழ்ப் படம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் துயிலெழுதல். பிறகு விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறுதல். மாலையில் நான்கு தமிழ் மாணவர்கள் ஓர் அறையில் கூடி, நம் ஊர்ச் சாம்பாரையும் இவ்வூரின் வெல்லம் கலந்த சாம்பாரையும் எடைபோட்டு வாதிடுதல். இரவு வீட்டுக்குத் தொலைபேசி. "அங்கே யாரோடப்பா பழகுறே?" என்று அம்மா கேட்பார். நான் நான்கு தமிழ்ப் பெயர்களைச் சொல்வேன். ஒருநாள் அவர், "இதுக்கு மைசூருக்குப் போகணுமாப்பா? திருச்சியிலேயே இருந்திருக்கலாமே!" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, வகுப்பறையில் நட்பு வளரும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். வகுப்பில் ஆங்கிலம் பேசுகிறோம். பேச்சு பாடத்தோடு தொடங்கிப் பாடத்தோடு முடிகிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மண்டியாக்காரர் என்பதே எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். வேலை இல்லாத நேரத்தில்தான் மனிதர் தம் வீட்டையும் ஊரையும் பற்றிப் பேசுவர். அந்த நேரம் அயலூர் மாணவருக்கே மிகுதி. உள்ளூர் மாணவர் சனிக்கிழமை தம் வீட்டுக்குப் போய்விடுவர். நமக்கோ இரண்டு நாட்கள் வெறுமையாகக் கிடக்கும். அவற்றை அறைக்குள் பூட்டி வைப்பதா, ஊருக்குள் எடுத்துச் செல்வதா என்பதே கேள்வி.

நான் முதலில் சென்றது குக்கரஹள்ளி ஏரிக்கு. நம் மானசகங்கோத்திரி வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல் அமைந்த ஏரி அது. வளாகத்துக்கு மானசகங்கோத்திரி எனப் பெயர் சூட்டிய கவிஞரும் துணைவேந்தருமான குவெம்பு அதன் கரையில் உலவியவர். இன்றும் காலை ஆறு மணிக்கு அங்கே சென்றால் கூழைக்கடாக்கள் நீரில் மிதப்பதைக் காணலாம். அவற்றினும் முக்கியம், நாள்தோறும் அதே நேரத்தில் அதே மனிதர்கள் நடப்பார்கள் என்பது. மூன்றாம் நாள் அவர்கள் தலையசைத்தார்கள். இரண்டாம் வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "திண்டி ஆய்த்தா?" என்றார். காலைச் சிற்றுண்டி ஆயிற்றா என்று பொருள். "ஆய்த்து" என்றேன். நான் மைசூரில் பேசிய முதல் கன்னடச் சொல் அதுதான்.

அந்தப் பெரியவர் ஒரு சுற்றுக்கு ஒரு சொல் கற்பித்தார். அவர் சொன்ன ஒரு விதியை எல்லாரும் மனத்தில் கொள்ளலாம். பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த பகரம் பிற்காலத்தில் பெரும்பாலும் ஹகரமாயிற்று. ஆகவே நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு, பெண் ஹெண்ணு, பள்ளி ஹள்ளி. குக்கரஹள்ளியின் வால் நம் சிற்றூர்ப் பெயர்களில் வரும் பள்ளிதான் என்று அறிந்ததும், பேருந்துப் பலகைகள் எல்லாம் எனக்கு அறிமுகமானவை போலத் தோன்றின.

பிறகு ஞாயிறுகள் போதவில்லை. சாமுண்டி மலைக்கு ஏறத்தாழ 1000 படிகள், செலவு இல்லை. ஏறும்போது மூச்சு வாங்கும். பெரிய நந்தியின் அருகில் எல்லாரும் உட்கார்வார்கள். உட்கார்ந்தால் பேச்சு பிறக்கும். ஞாயிறு மாலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒருங்கே எரியும் அரண்மனையைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் ஊர் முழுவதும் இருக்கும். விநாயக சதுர்த்தியை ஒட்டி வாணிவிலாஸ் மொகல்லாவின் எட்டாவது குறுக்குத் தெருவில் இசைக் கச்சேரிகள் நடக்கும். நம் நாட்டு வித்துவான்களும் வந்து பாடுவர். தமிழ்ப் பாட்டுக்குப் பொருள் கேட்டு ஒரு கன்னட அம்மையார் என்னிடம் திரும்பியபோது, இந்த ஊருக்கு நானும் ஏதோ கொடுக்க முடியும் என்று முதல் முறையாக உணர்ந்தேன்.

நாடகப் பிரியர்களுக்கு ரங்காயணம் இருக்கிறது. 1989இல் பி. வி. காரந்த் அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. அங்கு நடைபெறும் பஹுரூபி விழாவில் பல மொழி நாடகங்களைக் காணலாம். மொழி தெரியாமல் நாடகம் விளங்குமா என்பீர்கள். முதல் நாடகம் எனக்குப் பாதிதான் விளங்கியது. மறுபாதியை விளக்குவதற்காக மண்டியா நண்பர் இரவு பத்து மணி வரை தேநீர்க் கடையில் என்னோடு நின்றார். எல்லாம் விளங்கியிருந்தால் அந்தத் தேநீர் கிடைத்திருக்குமா? தசரா நாட்களை ஒட்டி நம் வளாகத்துத் திறந்தவெளி அரங்கிலேயே யுவ சம்பிரமம் நடக்கிறது. கல்லூரிக் குழுக்கள் ஆடிப் பாடும் அந்நாட்களில் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவரை என்னென்பது!

அந்த நண்பரோடுதான் ஒரு ஞாயிறு மிதிவண்டியில் சீரங்கப்பட்டணம் சென்றேன். திப்பு 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஒரு பெரும்போர் தீட்டப்பட்டுள்ளது. "பொள்ளிலூர் எங்கே இருக்கிறது?" என்று நண்பர் கேட்டார். காஞ்சிபுரத்துக்கு அருகில் என்றேன். 1780இல் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலப் படையை முறியடித்த களம் அது. மைசூரின் வெற்றியை வரைந்த சுவரில் தமிழ்நாட்டு மண்ணைக் கண்டு இருவருமே சற்று நேரம் பேசாது நின்றோம். பிறகு காவிரியின் இரு கிளைகளும் கூடும் சங்கமத்துக்குப் போனோம். நான் பரிசல் என்றதை அவர் 'தெப்ப' என்றார். எங்கள் ஊரில் தெப்பம் என்றால் மாசியில் பெருமாள் எழுந்தருளும் மிதவை என்றேன். "அப்படியானால் உங்கள் பெருமாளின் வண்டியில்தான் நாங்கள் ஆறு கடக்கிறோம்" என்று அவர் சிரித்தார். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அங்கே நீச்சல் தெரிந்தவரும் ஆற்றில் இறங்க வேண்டா. பாறையும் சுழலும் உள்ள இடம் அது.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், 2023 செப்டம்பர் வரை. அவ்வாண்டு காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பொய்த்தது. செப்டம்பர் 29 அன்று காவிரிக்காகக் கருநாடகம் முழுவதும் கடையடைப்பு. 1991 டிசம்பரில் இம்மாநிலத்தில் தமிழர் பட்ட துன்பத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள் நாம். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள். விடுதியில் நாங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம். வீட்டிலிருந்து மணிக்கு ஒரு முறை அழைப்பு.

முந்தின நாள் மாலையே மண்டியா நண்பர் ஒரு பையோடு என் அறைக்கு வந்துவிட்டார். உள்ளே அவர் அம்மா செய்த அக்கி ரொட்டி. "நாளைக்கு இங்கேதான் இருக்கப் போகிறேன், பாடமும் படிக்க வேண்டும்" என்றார். பாடம் படிக்கவில்லை. அவர் தந்தையார் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கால்வாய்ப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடுபவர். என் மாமாவோ தஞ்சைக் கடைமடையில் நெல் விதைப்பவர். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தும் மாமாவின் குறுவை வாடியதை நான் சொன்னேன். அணை நிரம்பாத ஆண்டில் கரும்பை வைத்துக்கொண்டு தந்தையார் உறங்காது கிடப்பதை அவர் சொன்னார். 1924 ஒப்பந்தத்திலும் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வாதம் முடிந்ததும் இருவரும் ஒரே தட்டில் உண்டோம். ஆறு மாதத்து ஞாயிறுகள் இல்லாவிடில் அந்தப் பை என் அறைக்கு வந்திராது.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1918இல் மகாராஜா கல்லூரிக்கு மெய்யியல் பேராசிரியராக வந்த ராதாகிருஷ்ணன் திருத்தணிக்காரர். 1921இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்களே அவர் வண்டியை இழுத்து ரயில் நிலையம் சேர்த்தனர். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் இதே ஏரிக்கரையிலும் கடைத்தெருவிலும் நடந்து நடந்து பேசியவர். மால்குடியின் மனிதர்களை அவர் அறைக்குள் இருந்தா கண்டார்? 1929இல் இவ்வூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தார். கன்னடத்தில் கவிதை எழுதிய அவரே 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகறியச் செய்தார். தெருவின் மொழியைக் கற்றதால் அவருடைய தமிழ் குறைந்து போயிற்றா?

ஆகவே, புதிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கிழமைக்கு ஒரு பொழுதேனும் தமிழர் அல்லாத ஒருவரோடு செல்லுங்கள். கடையிலும் பேருந்திலும் தவறாகவேனும் கன்னடத்தில் பேசுங்கள். இவ்வூரார் திருத்துவார்களே தவிர நகைக்க மாட்டார்கள். நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஆளுக்கொரு கன்னட நண்பரை அழைத்து வாருங்கள். சங்கம் நமக்குத் தாய்வீடு. அதற்காகத் திண்ணையை விட்டு இறங்காமலே இருந்துவிடக் கூடாது.

விடுமுறைக்கு ஊர் செல்ல நான் திருச்சி வண்டியில் ஏறுவேன். மைசூரை விட்ட சிறிது நேரத்தில் அது சீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடக்கும். முதல் ஆண்டு அந்தப் பாலத்தில் என் கண் எங்கள் ஊரை நோக்கி முன்னே இருந்தது. இப்போது சன்னல் வழியே திரும்பிப் பார்க்கிறேன். போன முறை அம்மா, "யாரோடப்பா பழகுறே?" என்று கேட்கவில்லை. "அந்த மண்டியாப் பிள்ளையை இந்தத் தெப்பத்துக்குக் கூட்டிக்கிட்டு வா" என்றுதான் சொன்னார்.