5 சென்ட் மனைக்கு 24 தேடல்

குற்றாலம் பக்கம் 10 லட்ச ரூபாய் மதிப்பில் 5 சென்ட் மனை வாங்குகிறவர், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனப் பொதுவாக அரசுக்குக் கட்டுவது 90,000 ரூபாய். அதே மனையின் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கச் செலவு 0. பட்டா, அ-பதிவேடு பார்க்க 0. நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்க 0. இந்த மூன்றுக்கும் முழுசாக ஒரு நாள் ஒதுக்காமல் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

'ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தாச்சு' என்பதோடு நம் ஊரில் விசாரணை முடிந்துவிடுகிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, கட்டணம் கட்டினால் 1-ஆம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் அதில்தான் ஏறும். உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். அது எல்லாருக்கும் திறந்ததல்ல. நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் வில்லங்கத்தில் வராது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

ஆகவே வழக்கைத் தேட இ-கோர்ட்ஸ் தளம். 16 இலக்க வழக்குக் குறியீடு கையில் இருந்தால் ஒரே தேடல். இல்லையென்றால் பெயரையும் ஆண்டையும் கொடுத்து ஒவ்வோர் ஆண்டாகத் தேட வேண்டும். விற்பவர் பெயர் இசக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு குமாஸ்தா 'ஐ' எழுத்தில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் 'ஈ' எழுத்தில். 12 ஆண்டுக்கு 2 எழுத்துக்கூட்டல், 24 தேடல். தேடலுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 48 நிமிடம். அவருடைய அப்பா பெயரையும் போட்டால் இன்னொரு மடங்கு.

செங்கோட்டைச் சொத்து என்றால் கணக்கே வேறு. தென்காசியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பழைய மூலப்பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். '1125 ஆடி' என்றால் 825 கூட்ட வேண்டும், 1950. அடுத்த மாதமே '1126 ஆவணி'. இப்போது 824 கூட்ட வேண்டும், அதுவும் 1950-தான். இது தெரியாமல் தேடினால் ஓர் ஆண்டு தவறிப்போகும். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அதற்கு முன், 1956-க்குப் பிறகு எழுதிய பத்திரங்களில் பெரும்பாலும் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் பார்க்க முடியும்.

பட்டாவிலும் கவனம் வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் பெயர் மாறிப்போய், இன்றும் திருத்தத்துக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், கெடு 30 நாள்.

அளவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். ஒரு தோப்புக்குப் பத்திரத்தில் 33 சென்ட், பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் 12.50 ஏர் என்பது 30.89 சென்ட். குறைவது 2.11 சென்ட், ஏறக்குறைய 920 சதுர அடி. அதில் ஒரு சின்ன வீடே கட்டலாம்.