தன் வரியைத் தானே மாற்றும் நிரல்

இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் 1982இல் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் விற்பனைக்கு விட்ட வீட்டுக் கணினி. மேலதிகக் கருவி எதுவும் பூட்டாமல், ரிவியில் மட்டும் கொழுவி, பேசிக் மொழியில் ஒரு வரி எழுதுவோம்: 10 பிரின்ட் 5. ஓடவிட்டால் திரையில் 5 விழும். அடுத்து ‘போக் 23764, 7’ (23764ஆம் முகவரியில் 7ஐ எழுது) என்று அடித்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் 7 விழும். லிஸ்ட் போட்டுப் பார்த்தாலோ, வரி பழையபடி ‘பிரின்ட் 5’ என்றே நிற்கும்!

பேய் வேலை ஒன்றுமில்லை. 23755ஆம் முகவரியிலிருந்து அந்த வரி பைட்டு பைட்டாக நினைவகத்தில் கிடக்கிறது. முதல் இரண்டு பைட்டு வரி எண். அடுத்த இரண்டு வரியின் நீளம். பிரின்ட் என்ற முழுச் சொல்லும் 245 என்ற ஒற்றைப் பைட்டுக்குள் அடக்கம். பிறகு நாம் அடித்த 5. அதன் பின்னால், லிஸ்டில் தெரியாமல், 14 என்றொரு அடையாளமும், அதே எண்ணின் இரும வடிவம் ஐந்து பைட்டிலும். மனிதருக்குக் காட்டுவது முன்னது, கணக்குக்கு எடுப்பது பின்னது. நாம் கைவைத்தது பின்னதில்.

போக் கட்டளையை நிரலுக்குள்ளேயே வைத்தால்தான் விளையாட்டுச் சூடுபிடிக்கும். 20ஆம் வரியாக ‘போக் 23759, 234’ என்று எழுதுங்கள். 234 என்பது ரெம், அதாவது வெறும் குறிப்பு. முதல் ஓட்டத்தில் எண்ணைக் காட்டிய 10ஆம் வரி, அடுத்த ஓட்டத்தில் வாயே திறக்காது. நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில் கிடப்பதால் வந்த வினை இது.

பொழுதுபோக்குக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. சின்கிளேரின் 1981ஆம் ஆண்டுக் கணினியான இசட்.எக்ஸ்.81இல் இருந்தது 1 கிலோபைட்டு நினைவகம். அதில் ரெம் வரிக்குள் போக் வழியே இயந்திரமொழியை ஒளித்து வைத்தார்கள்.

கொமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கணினிக்காரர் செய்த வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிரல் தனக்கு வேண்டிய புதுவரியைத் திரையில் அச்சிடும், தட்டிய விசைகள் காத்திருக்கும் 631ஆம் முகவரியில் 13 என்ற ரிட்டர்ன் விசையின் எண்ணைப் போடும், எத்தனை விசை என்பதை 198இல் எழுதும், நின்றுவிடும். யாரோ தட்டியதாக நினைத்துக் கணினி அந்த வரியை நிரலில் சேர்த்துக்கொள்ளும். ஒரே தொல்லை, வரி ஏறியதும் மாறிகள் எல்லாம் அழிந்துபோகும்.

முகவரி ஒன்று பிசகினால் கணினி உறைந்து, நிரலும் அழிந்துபோகலாம். ஆகவே முதலில் கசற்றில் பதிவது வழக்கம். மின்சாரம் போனாலும் இதே கதிதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. ஸ்பெக்ட்ரமின் மின்வழங்கி 9 வோல்ற், 1.4 அம்பியர், டைனமோ தருவதோ 6 வோல்ற், 3 வாற். எவ்வளவு மிதித்தாலும் காணாது, ரிவி வேறு இருக்கிறது.

இன்றைய இயங்குதளங்கள் பொதுவாக ஓடும் நிரலின் நினைவகப் பக்கங்களில் எழுதவிடுவதில்லை. விட்டால் வைரஸுக்கு அது திறந்த வாசல். ஆனாலும் உங்கள் கைப்பேசி உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இயந்திரமொழியை நினைவகத்தில் எழுதி, அதையே ஓட்டுகிறது.