மதுரை – கொச்சி வான்வழித் தொலைவு

மதுரை – கொச்சி வான்வழித் தொலைவு என்பது தமிழ்நாட்டின் மதுரை வானூர்தி நிலையத்துக்கும் கேரளத்தின் நெடும்பாசேரியில் உள்ள கொச்சி வானூர்தி நிலையத்துக்கும் இடையே புவிப்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவாகும். இது ஏறத்தாழ 189 கிலோமீட்டர், அதாவது 102 கடல் மைல். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கிடுவதால் போடி, மூணாறு வழியான சாலைத் தொலைவு 270 கி.மீ.க்கும் மேற்பட்டது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கோம்பை போன்ற ஊர்களுக்கு மிக அண்மையில் உள்ள பயணியர் வானூர்தி நிலையங்கள் இவ்விரண்டுமே.

தொலைவைக் கணித்தல்

கோளத்தின் மீதுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். பெருவட்டம் என்பது கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம். புவியின் மீது இத்தகைய வட்டத்தின் ஒரு பாகை 60 கடல் மைலுக்குச் சமம். ஒரு கடல் மைல் 1852 மீட்டர்.

மதுரை நிலையம் 9.83° வடக்கு, 78.09° கிழக்கில் உள்ளது. கொச்சி நிலையம் 10.15° வடக்கு, 76.40° கிழக்கில் உள்ளது. அகலாங்கு வேறுபாடு 0.32°, நெட்டாங்கு வேறுபாடு 1.69°. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெட்டாங்குக் கோடுகள் நெருங்குவதால், இரண்டாவது எண்ணை இடைப்பட்ட அகலாங்கின் (10°) கோசைன் மதிப்பான 0.985 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 1.665°. பித்தாகரசு தேற்றத்தின்படி இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 1.70° வரும். அதை 60 ஆல் பெருக்க 102 கடல் மைல். கண்டங்களைக் கடக்கும் தொலைவுகளுக்கு இச்சுருக்க வழி பொருந்தாது. அங்கே கோள முக்கோணவியல் வாய்பாடு தேவை. இவ்வளவு குறுகிய தொலைவுக்கு இதுவே போதும்.

நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இப்பாதையின் வளைவும் மிகச் சிறியது. நிலையான திசையில் செல்லும் கோட்டிலிருந்து பெருவட்டம் அதிகமாக விலகும் இடத்தில்கூட விலகல் 120 மீட்டர் அளவே. இரண்டின் நீளங்களும் ஒரு மீட்டர்கூட வேறுபடுவதில்லை.

1999 ஆம் ஆண்டில் நெடும்பாசேரி நிலையம் திறக்கப்படும் வரை கொச்சிக்கான பயணியர் வானூர்திகள் வெலிங்டன் தீவில் உள்ள கடற்படை நிலையத்தில் இறங்கின. அந்நிலையத்துக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 200 கி.மீ. பழைய நூல்களில் காணப்படும் எண்ணை இன்றைய எண்ணுடன் ஒப்பிடுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கோடு கடக்கும் இடங்கள்

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் கோடு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களுக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது. போடிமெட்டுக்கு அருகே மலையேறி, மூணாற்றின் தெற்குப் புறத்தைக் கடந்து, கோதமங்கலம், பெரும்பாவூர் பகுதிகளின் வழியே நெடும்பாசேரியை அடைகிறது. கோம்பை இக்கோட்டுக்கு ஏறத்தாழ 15 கி.மீ. தெற்கே உள்ளது. வெலிங்டன் தீவுக்கான பழைய கோடோ கோம்பைக்குச் சில கிலோமீட்டர் வடக்கில் மட்டுமே விலகியிருந்தது.

பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் மேற்கு விளிம்பில் மலை ஒரே ஏற்றமாக ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2695 மீ.) கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் நிற்கிறது. கருவிகளின் துணையுடன் மலைப்பகுதியில் பறக்கும் வானூர்தி, தன்னைச் சுற்றி 8 கி.மீ.க்குள் உள்ள மிக உயர்ந்த தடையை விடக் குறைந்தது 600 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கோட்டிலிருந்து சற்று வடக்கே விலகினாலும் ஆனைமுடி இக்கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், 3300 மீட்டருக்குக் கீழே பறப்பது இங்கு அறிவுடைமை ஆகாது.

பறக்கும் தொலைவு

வானூர்திகள் கணித்த கோட்டின் மீது அப்படியே செல்வதில்லை. அறிவிக்கப்பட்ட வான்வழிகளையும் வழிப்புள்ளிகளையும் பின்பற்றுகின்றன. அதைவிட முக்கியமானது ஓடுபாதையின் திசை. மதுரை, கொச்சி இரண்டிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காகவே அமைந்துள்ளது. வானூர்தி காற்றை எதிர்நோக்கியே ஏறவும் இறங்கவும் விரும்பும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கி ஏறி மேற்கு நோக்கியே இறங்கலாம். பாதை ஏறத்தாழ நேராக அமையும். கீழைக்காற்று வீசும்போது மதுரையில் கிழக்கே ஏறித் திரும்ப வேண்டும். கொச்சியில் நிலையத்தைத் தாண்டிக் கடற்புறம் சென்று மீண்டும் கிழக்கு நோக்கி வர வேண்டும். இச்சுற்றுகளால் சில பத்துக் கிலோமீட்டர் கூடும்.

நேரக் கணக்கில் காற்று எதிர்மாறாகவும் வேலை செய்யும். மணிக்கு 450 கி.மீ. வேகத்தில் செல்லும் ஏடிஆர்-72 வகை வானூர்திக்கு 40 கி.மீ. மேற்குக் காற்று எதிர்ப்பட்டால் 189 கி.மீ. கடக்க ஏறத்தாழ 28 நிமிடங்கள் ஆகும்; திரும்பும்போது 23 நிமிடங்களே போதும். ஏறுதல், இறங்குதல், தரையில் ஊர்தல் ஆகியவை இதில் சேரா.

கோம்பையிலிருந்து

நாயினத்தால் பெயர் பெற்ற கோம்பையிலிருந்து மதுரை நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 87 கி.மீ.; கொச்சி நிலையம் 104 கி.மீ. வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவு. ஆனால் ஊருக்கு மேலேயே நிற்கும் இராமக்கல்மேட்டுக்கு இங்கிருந்து நேரே ஏறும் வண்டிச்சாலை இல்லை. கம்பம் மெட்டு அல்லது போடிமெட்டு வழியே சுற்றிச் செல்வதால் கொச்சிக்கான சாலைத் தொலைவு நேர்கோட்டின் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. மதுரைக்குச் சமவெளிச் சாலையே உண்டு.

இவ்விரண்டையும் விட அண்மையில், இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்னுமிடத்தில் தேசிய மாணவர் படையின் பயிற்சிக்கான 650 மீட்டர் ஓடுபாதை உள்ளது. 2022 திசம்பர் 1 அன்று அங்கு முதன்முதலாக ஓர் இலகுரக வானூர்தி இறங்கியது. அது பயணியர் போக்குவரத்துக்கானது அன்று.