கம்பு அடை சுடுங்க... காபியைக் கொஞ்சம் தள்ளி வைங்க!

அப்பர் பெருமானின் சூலை நோய் தீர்ந்த ஊர் என்று திருவதிகையைச் சொல்வார்கள். இன்றைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் மட்டுமல்ல, எந்த ஊர் வீட்டிலும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். 'வயித்து வலி'யைவிட அதிகமாகக் காதில் விழுவது, 'ஒரே அசதியா இருக்குங்க... மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது' என்பதுதான்.

காரணம், பெரும்பாலும் ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை!

இதற்குக் கைகொடுக்கும் தானியம் கடலூர் மாவட்டத்திலேயே விளைகிறது. கம்புதான் அது. 100 கிராம் கம்பில் சுமார் 6.4 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை.

'அப்போ தினமும் கம்பு சாப்பிட்டா போதுமா?' என்கிறீர்களா? அங்கேதான் ஒரு சூட்சுமம். கம்பில் பைடிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்தால் அதன் பிடி தளரும். பாட்டி கம்பங்கூழை ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்தாரே, ருசிக்காக மட்டுமா அது? பலனும் சேர்ந்தே வந்தது!

என்னென்ன வேண்டும்?

கம்பு 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு, உளுந்து தலா கால் டம்ளர், காய்ந்த மிளகாய் 5, சோம்பு ஒரு டீஸ்பூன், பெருங்காயம், உப்பு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி.

எப்படிச் செய்வது?

முதல்நாள் காலையில் கம்பைக் கல் போக அரித்து, நாலைந்து முறை கழுவி ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். பருப்புகளுக்கு மூன்று மணி நேரம் போதும். சாயங்காலம் ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, மிளகாய், சோம்பு, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து மூடி வையுங்கள். வெயில் காலமானால் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

காலையில் நறுக்கிய வெங்காயம், கீரையைக் கலந்து, காய்ந்த தோசைக்கல்லில் சற்றுக் கனமாக ஊற்றுங்கள். நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, மூடிவைத்து, மிதமான தீயில் இருபுறமும் வேகவிடுங்கள். புரட்டும்போது பிய்கிறதா? மாவில் இரண்டு ஸ்பூன் அரிசி மாவைக் கலந்தால் சரியாகிவிடும். நெய்வேலியில் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்கும் டிபன் பாக்ஸில் கட்டித் தரலாம். ஆறினாலும் ருசி குறையாது.

தொட்டுக்கொள்ள...

நெல்லிக்காய்த் துவையல் அருமையான ஜோடி. இல்லையென்றால் சட்னியை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். அடுப்பில் கொதித்தால் அது வீணாகும் என்பதால்தான் கடைசியில் பிழியச் சொல்கிறோம்.

அடுத்தது காபி! அடை சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. 'காபி இல்லாம டிபனா?' என்று கோபிக்காதீர்கள். எழுந்ததும் குடித்துவிடுங்கள், அல்லது டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இதையும் கவனியுங்கள்

* கம்பு மாவை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் மாவு சீக்கிரம் காறிக் கசந்துவிடும். முழுத் தானியமாக வாங்குவதே நல்லது.

* சர்க்கரை நோயாளிகளே, 'சிறுதானியம்தானே' என்று நாலு அடை வேண்டாம். இரண்டோடு நிறுத்துங்கள். இதிலும் மாவுச்சத்து உண்டு.

* தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கம்பைத் தினசரி உணவாக்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை. டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை, அடை சாப்பிடுகிறோம் என்பதற்காக நிறுத்தவே கூடாது.

வாரத்தில் இரண்டு நாள் சுட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சிய அரை அடையோடு எழுந்துவிடாதீர்கள். வீட்டில் இந்த அடை முக்கியமாகத் தேவைப்படுவது உங்களுக்குத்தான்!